வண்டி 'கடகட'ங்குதா? அந்தச் சத்தத்துக்குள் இவ்வளவு இருக்கு... தெரியுமா?

மதுரை காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி இறங்கி ஏறியதும் அடியில் 'டொக்'! உடனே நம் வாயில் வருவது, "ஷாக் போயிருச்சு." அப்படிக் கேட்கும் சத்தங்களில் எத்தனையோ, ஷாக் அப்சார்பருக்குச் சம்பந்தமே இல்லாத, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் துண்டிலிருந்து வருபவை. தெரியுமா?

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சஃபாரி, எதுவாகவும் இருக்கட்டும். ஒன்றரை, இரண்டு டன் இரும்பு ரோட்டில் குலுங்கிக்கொண்டு ஓடுகிறது. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் முட்டாமல் காப்பாற்றுவது லோயர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுன்டிங், பாடி மவுன்டிங், ஷாக்கின் இரு முனைகளிலும் உள்ள புஷ் என ஒளிந்திருக்கும் ரப்பர்கள்தான். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலுக்கு உருகாமலும் குளிருக்கு விறைக்காமலும் நிற்கும் என்று 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்திருக்காவிட்டால் இவற்றில் ஒன்றுகூட இல்லை! 1931-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரின் எஞ்சினை ரப்பர் மவுன்டிங்கில் தொங்கவிட்டு, அதையே பெரிய அதிசயமாக விளம்பரம் செய்து விற்றது. அதற்கு முன் நான்கு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் அப்படியே உட்கார்ந்திருப்பவரின் பல்வரைக்கும் வரும்.

ரப்பருக்கு எமன் யார்? வெயில்! வெப்பம் 10 டிகிரி கூடினால் ரப்பர் முதுமை அடையும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், தார் ரோட்டுச் சூடும் எஞ்சின் சூடும் சேர்ந்து வேகும் ஒரு புஷ்ஷையும் கொடைக்கானலில் ஓடும் வண்டியின் புஷ்ஷையும் நினைத்துப் பாருங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பர் கிழவனாகியிருக்கும். ஓடோமீட்டரைக் காட்டி "இவ்வளவுதான் ஓடியிருக்கு" என்று சொல்வதில் பாதிதான் நியாயம்.

இதில் நமக்குப் பெருமையான செய்தி, இந்த ரப்பர் தொழிலில் மதுரைக்கு இருக்கும் இடம்! 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் இங்கே தொடங்கிய டி.வி.எஸ். பஸ் தொழிலில் வேரூன்றி, டயருக்கு மறு ரப்பர் போடும் ஆலை வரை போனது. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் டயர் தொழிற்சாலை. கோச்சடையில் ஃபென்னர், உலகம் முழுக்கத் தெரிந்த வி-பெல்ட் பெயர் அது.

பெல்ட் என்றதும் இன்னொன்று! காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'கீச் கீச்' என்று கத்துகிறதா? எஞ்சின் ஓடும்போதே, கையும் துண்டும் சேலைத் தலைப்பும் அண்டாத தூரத்தில் நின்று, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் சொல்லிவிடுகிறது!

சத்தம் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதுதான் துப்பு. வண்டியின் அடிப்பாகம் முழுக்க ஒரே இரும்புச் சட்டம். பின்னால் பிறந்த சத்தம் முன்னால் காதில் விழும். எஃகில் ஒலி காற்றைவிட ஏறக்குறைய 15 மடங்கு வேகமாகப் பாய்கிறது. அதனால்தான் அனுபவப்பட்ட மெக்கானிக் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கிறார். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் செய்யும் அதே வேலை!

முதலில் சொன்ன 'டொக்'குக்கு வருவோம். 2023-ல் திறந்த நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர். அதில் பாலத் துண்டுகள் சேரும் இடமெல்லாம் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். அங்கே சத்தம் இல்லை. கீழே இறங்கி ஒரு சந்துக்குள் திரும்பியதும், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது 'டொக் டொக்'. இது லிங்க் ராடாக இருக்க நிறைய வாய்ப்பு! வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பார், இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் முறுக்கப்படுவதில்லை. ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போதுதான் முறுகி, அதைப் பிடித்திருக்கும் விரல் தடிமன் லிங்க் ராடின் மீது பாரத்தை இறக்குகிறது. இது தெரியாமல் நான்கு ஷாக்கையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. உழைத்துச் சேர்த்த காசு அது.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்து 110-ல் தானாக நின்றுவிடுகிறதே, ஏன்? ரிம்மில் 30 கிராம் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 4 கிலோ பாரத்தோடு சக்கரத்தை வெளியே இழுக்கும்! அதுவும் நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல்! சக்கரமும் அச்சும் இயல்பாகவே துள்ளும் வேகம் நொடிக்கு 10 முதல் 15 தடவை. இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில்தான் நடுக்கம் உச்சம். தாண்டிவிட்டால் அடங்குகிறது. பேலன்சிங் செய்தாலே தீர வேண்டிய விஷயம். பலர் அலைன்மென்ட் மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் வயல் சேறும் இதே வேலையைச் செய்யும். அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் வரப்போரம் வண்டியை இறக்குகிறவர்கள் முதலில் அதைக் கழுவிவிட்டுப் பாருங்கள்.

பின்சக்கர இழுவை வண்டியில் கிளட்சை விட்டதும் 'டொங்' என்றால் ப்ராபெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸைச் சந்தேகிக்கலாம். 17-ம் நூற்றாண்டில் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அந்த இணைப்புக்கு ஒரு விசித்திரக் குணம்: சாய்வாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும்! அதைச் சமன் செய்யத்தான் மறுமுனையில் இன்னொரு கிராஸ். ஷாஃப்டைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரும். கழற்றும் முன் சாக்பீஸில் கோடு போடும் மெக்கானிக்கை நம்பலாம்.

திருமங்கலம் போகும் நான்கு வழிச்சாலையில் வேகத்தோடு சேர்ந்து உயரும் 'ஊஊம்' என்ற இரைச்சல்? வளைவில் கவனியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் பாரம் ஏறும் வலப்பக்க வீல் பேரிங்தான் முதல் சந்தேகம்.

பிரேக்கில் மெல்லிய 'க்ரீச்' வந்தால்? பல வண்டிகளில் அது வேண்டுமென்றே வைத்த சத்தம்! பேட் தேய்ந்து சில மில்லிமீட்டர் ஆனதும் டிஸ்கில் உரசிக் கத்தவென்றே ஒரு சிறு தகடு இருக்கிறது. சில சத்தங்களோ கோளாறே இல்லை. விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் லாரிபோல் இரைந்து, சில நிமிடத்தில் அடங்கும். உள்ளே தேங்கிய எண்ணெய் தன் சேமிப்பு அறைக்குத் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கிறது. வண்டியை நிறுத்திய பின் கேட்கும் 'டிக் டிக்', ஆறிச் சுருங்கும் புகைக்குழாய்.

மத்தியானம் மட்டும் டேஷ்போர்டு முனகுகிறதா? பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டும்போது விரிந்து உரசுகிறது. அதைக் கழற்றும் முன் சீட்டுக்கடியில் ஜாக்கி தளர்ந்திருக்கிறதா, டேஷ்போர்டு பெட்டியில் சாவிக்கொத்தோ சில்லறையோ உருள்கிறதா என்று பாருங்கள்.

சத்தமே போடாத கோளாறும் உண்டு. 2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிக்காரர்களே, இது உங்களுக்கு! வெளிவீதி, மாசிவீதி என்று டவுனுக்குள்ளேயே உருட்டினால் புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். அந்தக் கரியை எரிக்க உள்ளே சுமார் 600 டிகிரி வேண்டும். அவ்வப்போது நான்கு வழிச்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தானே சுத்தமாகிவிடும். எந்த வண்டியானாலும் ரேடியேட்டரில் உப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காரை படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். மூடியின் அழுத்தம்தான் கூலன்டைக் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்க வைக்கிறது. சூட்டில் அதைத் திறந்தால் முகத்தில் பீறிடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, ஸ்பீடோமீட்டரும் தெரிய, சத்தமும் கேட்க ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும் சத்தத்துக்கு அதுவே சாட்சி. "அண்ணே, இடப்பக்கம் ஒடிச்சா மட்டும் வருது" என்ற ஒரு வரி அவருடைய பாதி நாளை மிச்சப்படுத்தும்.

ஆனால் பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டிய பிறகு புதிதாக ஒரு 'டக் டக்' வந்தால் வீடியோ எல்லாம் வேண்டாம். அங்கேயே ஓரமாக நிறுத்தி, வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.