சப்ஜா விதை முளைக்க...

கோடையில் பானங்களில் ஊறவைத்துப் பருகும் சப்ஜா, திருநீற்றுப்பச்சிலையின் விதையேயாகும். இதைக் கடையில் வாங்கி விதைத்து, முளைக்கவில்லையே என வருந்துவோர் உண்டு. விதை பழையதாக இருப்பதும், ஆழமாக விதைப்பதுமே இதற்கு முக்கியக் காரணங்கள்.

முதலில் விதையைச் சோதியுங்கள். ஈரத்துணியில் 20 விதைகளைப் பரப்பி மூடி வையுங்கள். ஒரு வாரத்தில் 14க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 10க்குக் குறைந்தால் வேறு விதை வாங்குவதே நல்லது.

விதையை ஊறவைத்து விதைக்கக் கூடாது. நீர் பட்டதும் கூழ் போன்ற உறை உண்டாகி விதைகள் ஒட்டிக்கொள்ளும். சீராகத் தூவ இயலாது. உலர்ந்த விதையுடன் நான்கு பங்கு மணல் கலந்து, மண்ணும் மட்கிய தொழு உரமும் நிரப்பிய தொட்டியில் தூவுங்கள். விதை மறையும் அளவே மணலிட்டால் போதும். பூவாளியால் நீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் முளைப்பு தெரியும்.

நாற்று நெருங்கி, நீரும் தேங்கினால் நாற்றழுகல் நோய் தாக்கும். ஆகவே கலைத்துவிட்டு, மண் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். 4 அல்லது 5 வாரங்களில் நல்ல வெயில்படும் இடத்தில், ஓரடி இடைவெளியில் நடலாம்.

இலை வேண்டுமாயின் பூங்கதிர்களைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு செடிகளை மட்டும் விதைக்கு விட்டு, கதிர் பழுப்பானதும் அறுத்து உலர்த்தி வையுங்கள். அடுத்த முறை விதைக்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை.