மொழித் தேர்வில் ஆணும் பெண்ணும்: மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

மொழி கற்பதில் ஆண்களைவிடப் பெண்கள் இயல்பிலேயே கெட்டிக்காரர்கள் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஆழ வேரூன்றியிருக்கிறது. தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் அதற்குப் புதிய சான்று கிடைத்துவிட்டதுபோல் பேசப்படுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் தாய்மொழிக்குப் பின் கற்கப்படும் மொழியில், அதாவது இரண்டாம் மொழியில், நடத்தப்படும் தேர்வுகளை வினா வினாவாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் இவ்வளவு எளிதான முடிவுக்கு வரவில்லை. எந்தத் திறன் சோதிக்கப்பட்டது, வினா எந்த வடிவில் கேட்கப்பட்டது, பாடப்பகுதி எதைப் பற்றியது, தேர்வர் அந்த மொழியில் எந்தப் படியில் நிற்கிறார் ஆகிய நான்கையும் கேட்காமல் பால் வேறுபாட்டைப் பற்றிப் பேசுவது பொருளற்றது என்பதே அவர்களுடைய ஆய்வுகள் காட்டும் செய்தி.

இத்துறையில் மிக விரிவான தரவு நெதர்லாந்திலிருந்து கிடைத்திருக்கிறது. பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே உயர்கல்வியில் சேரவும் தகுதிக்கேற்ற வேலை பெறவும் டச்சு மொழியில் அரசுத் தேர்வு ஒன்றை எழுதுகிறார்கள். பேசுதல், எழுதுதல், வாசித்தல், கேட்டல் என நான்கு பகுதிகள் அதில் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. அந்தத் தேர்வை எழுதிய 27,119 பேரின் மதிப்பெண்களை ஃபிரான்ஸ் வான் டெர் ஸ்லிக், ரூலன்ட் வான் ஹவுட், யோப் ஸ்கெப்பன்ஸ் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு வெளியிட்டனர். அத்தேர்வர்கள் 88 நாடுகளைச் சேர்ந்தவர்கள், 49 தாய்மொழிகளைப் பேசுபவர்கள். பேசுவதிலும் எழுதுவதிலும் பெண்கள் ஆண்களை முந்தியிருந்தனர். கல்வி, நாட்டுக்குள் வந்த வயது, தங்கியிருந்த காலம், மொழி படித்த மணிநேரம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்த பின்னும் அந்த இடைவெளி மறையவில்லை. வாசிப்பிலும் கேட்டலிலுமோ இருபாலாருக்கும் இடையே வேறுபாடு இல்லை. உயர்கல்வி பெற்றிருப்பதால் கிடைக்கும் பயன் நான்கு திறன்களிலும் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக இருந்தது என்பது அந்த ஆய்வின் மற்றொரு முடிவு. அதிகம் பேசப்படாத இந்த முடிவே கல்விக் கொள்கை வகுப்போர் முதலில் படிக்க வேண்டியது.

இத்தனை நாடுகளைச் சேர்ந்த பெண்களிடமும் ஒரே போக்கு தென்படுவதைக் கண்டு அதை இயற்கையின் கொடை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் மொழித்திறன் என்பது பெண்ணுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்றால் அது நான்கு திறன்களிலும் தெரிந்திருக்க வேண்டும்; இரண்டில் தெரிந்து இரண்டில் தெரியாமல் போனதற்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது. அந்தத் தேர்வில் வாசிப்பும் கேட்டலும் கொள்குறி வினாக்களால், அதாவது கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களால், சோதிக்கப்படுகின்றன. பேச்சும் எழுத்தும் தேர்வர் தாமே ஆக்கித் தர வேண்டியவை. அயர்லாந்தில் 15 வயது மாணவர்களிடம் நையல் போல்ஜரும் தாமஸ் கெல்லகனும் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. கணிதம், ஆங்கிலம், அங்குள்ள பெரும்பாலோருக்கு இரண்டாம் மொழியாக இருக்கும் ஐரிஷ் ஆகிய மூன்று பாடங்களிலும், தாமாக விடை எழுத வேண்டிய தேர்வோடு ஒப்பிடுகையில் கொள்குறித் தேர்வில் மாணவர்களின் நிலை மாணவியரின் நிலையைவிட மேம்பட்டிருந்தது. அப்படியானால் டச்சுத் தேர்வில் வாசிப்பில் இடைவெளி காணப்படாததற்கு வாசிப்பின் தன்மை காரணமா, வினாவின் வடிவம் காரணமா என்பதை மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வேறுபாடு இருக்கிறது என்பது ஒன்று, அது எவ்வளவு பெரியது என்பது வேறொன்று. இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலுள்ள தொலைவை, மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவால் வகுத்துப் பெறும் எண்ணை ஆய்வாளர்கள் விளைவளவு என்கிறார்கள், 0.2 என்றால் சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கு. பொதுவான மொழி ஆற்றல் பற்றிய 165 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஜேனட் ஹைடும் மார்சியா லின்னும் 1988இல் கணக்கிட்டபோது பெண்களுக்குச் சாதகமாகக் கிடைத்த விளைவளவு 0.11 மட்டுமே. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 53 முறை பெண்ணும் 47 முறை ஆணும் கூடுதல் மதிப்பெண் பெறுவார்கள் என்பதே இதன் பொருள். அந்த ஆய்வுகள் இரண்டாம் மொழியைப் பற்றியவை அல்ல என்றாலும், வாசிப்பில் விளைவளவு 0.03 என்றும் பேச்சில் 0.33 என்றும் அவற்றில் கண்டது டச்சுத் தேர்வின் போக்கோடு ஒத்துப்போவது கருதத்தக்கது. இத்தகைய சராசரியை வைத்துக்கொண்டு வகுப்பிலுள்ள ஒரு மாணவனிடம் அவனுக்கு மொழி வராது என்று சொல்வது அநீதி.

இந்தச் சிறிய இடைவெளியோடு ஒப்பிட்டால் மொழித்திறன் நிலைகளுக்கு இடையிலான தொலைவு மிகப் பெரியது. ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழி கற்பவர்களை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளில் நிறுத்துகிறது; ஆங்கிலத்தில் பி1 நிலையை எட்ட ஏறத்தாழ 350 முதல் 400 மணிநேர வழிகாட்டலுடன் கூடிய படிப்பும், பி2 நிலைக்கு 500 முதல் 600 மணிநேரமும் தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வமைப்பின் மதிப்பீடு. ஜெர்மனியில் குடியுரிமை கோரும் ஈழத்தமிழர் பி1 நிலையை எட்டியிருக்க வேண்டும் என்பதால், இந்தப் படிகள் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றுவிட்டவை. பாலும் நிலையும் ஒன்றையொன்று எவ்வாறு தொடுகின்றன என்பதை வாசிப்புத் தேர்வே தெளிவாகக் காட்டுகிறது.

நெதர்லாந்துப் பள்ளிகளின் இறுதித் தேர்வில் ஆங்கில வாசிப்புப் பகுதியில் மாணவர்கள் மாணவியரைவிடக் கூடுதலாக மதிப்பெண் பெற்றுவந்தது ஒரு காலத்தில் புதிராக இருந்தது. பியூகல், பியூங்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் புதிரைப் பாடப்பகுதிகளின் பொருளைக் கொண்டு விடுவித்தது. எரிமலை, மோட்டார் வாகனம், கால்பந்து வீரர் போன்றவற்றைப் பற்றிய பகுதிகளில் மாணவர்கள் முந்தினர். பேறுகால மருத்துவச்சி, இல்லத்தரசி ஒருத்தியின் மனப்போராட்டம் போன்றவற்றைப் பற்றிய பகுதிகளில் மாணவியர் முந்தினர். ஆர்வமும் முன்னறிவுமே மதிப்பெண்ணை இப்படி அசைத்தன. எனவே எந்தப் பொருளில் எத்தனை பகுதிகள் என்று வினாத்தாள் தயாரிப்பவர் எடுக்கும் முடிவே எந்தப் பால் முதலிடம் பெறும் என்பதையும் ஓரளவு முடிவுசெய்துவிடுகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஸ்பானிய மொழி பயிலும் மாணவர்களிடம் சிண்டி பிரான்ட்மையர் நடத்திய ஆய்வுகள் இதற்கு அடுத்த கேள்வியை எழுப்பின. குத்துச்சண்டைப் போட்டியைப் பற்றிய கதை ஒன்று, விரக்தியுற்ற இல்லத்தரசியைப் பற்றிய கதை ஒன்று என இரண்டை இடைநிலை மாணவர்களிடம் கொடுத்தபோது முதற்கதையை ஆண்களும் இரண்டாவதைப் பெண்களும் நன்கு புரிந்துகொண்டனர். உயர்நிலை மாணவர்களிடம் ஆராய்ந்தபோதோ பாடப்பொருளைப் பொறுத்த அந்த வேறுபாடு தென்படவில்லை. சொல்வளம் போதாத நிலையில் வாசிப்பவர் புரியாத சொற்களின் இடத்தைத் தமக்குத் தெரிந்த உலக அனுபவத்தால் இட்டு நிரப்புகிறார். குத்துச்சண்டை மேடையின் நடைமுறை தெரிந்தவருக்கு வினைச்சொல் தெரியாவிட்டாலும் கதை நகர்ந்துவிடும், தெரியாதவருக்கோ அது அங்கேயே நின்றுவிடும். மொழி கைவரப்பெற்ற பின் அந்த ஊன்றுகோல் தேவைப்படுவதில்லை.

இந்த விளக்கத்துக்கு வலுவூட்டும் சான்று பால் வேறுபாட்டைப் பற்றியே அல்லாத ஓர் ஆய்விலிருந்து வருகிறது. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அறிவியல் மாணவருக்கு அறிவியல் பகுதியும் சமூக அறிவியல் மாணவருக்கு அத்துறைப் பகுதியும் தனித்தனியே கொடுக்கப்பட்டுவந்த காலத்தில், துறை அறிவு எவ்வளவு உதவுகிறது என்று கரோலின் கிளாப்பம் ஆராய்ந்து 1996இல் நூலாக வெளியிட்டார். இலக்கணத் தேர்வில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் கீழே பெற்றவர்களுக்குத் துறை அறிவு பெரிதாகக் கைகொடுக்கவில்லை, ஏனெனில் அதைப் பயன்படுத்தும் அளவுக்கே அவர்களிடம் மொழி இல்லை. 80 விழுக்காட்டுக்கு மேல் பெற்றவர்களுக்கு அதன் தேவை குறைவு. இடைப்பட்டவர்களுக்கே அது மிகுதியாக உதவியது. 1995இல் ஐஈஎல்டிஎஸ் துறைவாரியான வாசிப்புப் பகுதிகளைக் கைவிட்டு எல்லாத் துறையினருக்கும் ஒரே தாளை வைத்தது. பெரும்பாலான மாணவர்கள் நிற்பது அந்த இடைநிலையில்தான் என்பதால், பாடப்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் தேவைப்படுவதும் அங்கேதான்.

வினாத்தாளில் சாய்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையும் நிலை என்ற கருத்தையே அடித்தளமாகக் கொண்டது. ஒரு வினாவுக்கு ஆண்களில் எத்தனை பேர், பெண்களில் எத்தனை பேர் சரியாக விடையளித்தனர் என்று நேரடியாக ஒப்பிட்டால் பயனில்லை. ஒரு குழு மொத்தத்தில் நன்றாகப் படித்ததாக இருந்தால் எல்லா வினாக்களிலும் அதுவே முந்தும். ஆகவே மொத்த மதிப்பெண் சமமாக உள்ளவர்களை மட்டும் அருகருகே நிறுத்துகிறார்கள். 40 வினாக்கள் கொண்ட தாளில் 25 மதிப்பெண் பெற்ற நூறு ஆண்களும் அதே 25 பெற்ற நூறு பெண்களும் இருப்பதாகக் கொள்வோம்; கார் எஞ்சின் உறுப்பு ஒன்றின் பெயரைக் கேட்கும் வினாவுக்கு ஆண்களில் எழுபது பேரும் பெண்களில் நாற்பது பேரும் சரியாக எழுதியிருந்தால், மொழியறிவில் சமமானவர்களை அந்த வினா சமமாக நடத்தவில்லை என்று ஐயுற இடமுண்டு. இதே ஒப்பீட்டை ஒவ்வொரு மதிப்பெண் படியிலும் செய்து முடிவுகளை ஒன்றுசேர்க்கிறார்கள். நோய்களின் காரணங்களை ஆராய்வதற்காக மான்டெலும் ஹேன்செலும் 1959இல் வகுத்த கணித முறையை ஹாலந்து, தேயர் என்ற இருவர் 1988இல் தேர்வுத் துறைக்குப் பயன்படுத்திக் காட்டினர். டோஃபல் ஆங்கிலத் தேர்வை நடத்தும் அமெரிக்க நிறுவனம் அந்த முறையின்படி வினாக்களை ஏ, பி, சி என மூவகைப்படுத்தி, மிகுந்த சாய்வுடைய சி வகை வினாக்களைத் தனியே ஆராய்கிறது. ஃபின்லாந்தின் ஆங்கிலச் சொல்வளத் தேர்வு ஒன்றை இவ்வாறு சோதித்த தக்காலாவும் கஃப்டான்ஜியேவாவும் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், சில சொற்கள் ஆண்களுக்கும் வேறு சில பெண்களுக்கும் எளிதாக இருந்ததையும், தாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டதையும் காட்டினர்.

நேர்முக வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஆணா பெண்ணா என்பதும் மதிப்பெண்ணைப் பாதிக்கலாம் என்ற ஐயம் நெடுநாளாக உண்டு. ஜப்பானிய மாணவர்களிடம் பாரி ஓ'சல்லிவன் ஆராய்ந்தபோது பெண் தேர்வாளர் முன்னிலையில் அவர்கள் நன்றாகப் பேசினர். அரபு மாணவர்களிடம் டான் போர்ட்டர் ஆராய்ந்தபோது ஆண் தேர்வாளர் முன்னிலையில் மதிப்பெண் உயர்ந்தது. கியரன் ஓ'லோக்லின் 2002இல் வெளியிட்ட ஐஈஎல்டிஎஸ் ஆய்விலோ அத்தகைய விளைவே இல்லை. மூன்றும் சிறு குழுக்களிடம் நடந்தவை என்பதால் இவற்றிலிருந்து பொதுவிதி எதையும் வகுப்பது பிழை.

மாணவியர் முந்தும் இடங்களில் அதற்குக் கற்கும் முறையும் ஒரு காரணமாக இருக்கலாம். போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த 374 பேரிடம் கிரீனும் ஆக்ஸ்ஃபோர்டும் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், கற்றல் உத்திகளை, அதாவது புதிய சொல்லை வாக்கியத்தில் அமைத்துப் பார்ப்பது, பிழையைக் கவனித்துத் திருத்திக்கொள்வது போன்ற வழிமுறைகளை, பெண்களும் உயர்நிலை மாணவர்களும் மற்றவர்களைவிட மிகுதியாகக் கையாண்டது தெரியவந்தது. உத்தி என்பது பிறவிக்குணம் அன்று. வகுப்பில் சொல்லிக்கொடுத்து மாணவர் எவருக்கும் பழக்கப்படுத்தக்கூடியது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் மாணவியர் தேர்ச்சி விழுக்காடும் மாணவர் தேர்ச்சி விழுக்காடும் தலைப்புச் செய்தியாகின்றன. அந்த இரண்டு எண்களால் ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு அடுத்த ஆண்டு வகுப்பை எப்படி நடத்துவது என்பது பற்றி எதுவும் தெரியப்போவதில்லை. பல லட்சம் விடைத்தாள்களைத் திருத்தும் தேர்வுத்துறை, ஆங்கிலத் தாளின் மதிப்பெண்களை வினா வகைவாரியாகவும் பாடப்பொருள்வாரியாகவும் பிரித்து, சம மதிப்பெண் பெற்ற மாணவரையும் மாணவியரையும் ஒப்பிட்டு, முடிவுகளைப் பெயர்களின்றி வெளியிட வேண்டும். எந்த வகை வினாவில் மாணவர்கள் பின்தங்குகிறார்கள், எந்தப் பாடப்பொருள் மாணவியரைத் தடுக்கிறது என்று அறிந்துகொள்ளும் உரிமை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உண்டு.