மறைக்க வேண்டாம், மனம் குன்ற வேண்டாம்



கை, கால் ஊனம் பார்த்தவுடன் தெரியும். வலிப்பு நோய் அப்படியல்ல. வலிப்பு வராத நேரத்தில் அவர்களும் களை எடுப்பார்கள், சமைப்பார்கள், சந்தைக்குப் போவார்கள். வெளியே ஒன்றும் தெரியாததால் பலர் இதை மறைத்தே வாழ்கிறார்கள். அந்த மறைப்புதான் ஆபத்து.

ஒரு வீட்டைப் பாருங்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். மனைவி மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மாமியார் அடுப்படியில் இருந்தால் அன்றைக்கு மாத்திரை இல்லை. இப்படி மூன்று நாள் விட்டுப்போய், கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தாள். இரவு கணவனிடம் அழுதாள்.

"என்னங்க, பன்னிரண்டு வயசிலேருந்து எனக்கு இது இருக்கு. சொன்னா விட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"எங்கம்மா சர்க்கரைக்குத் தினமும் மாத்திரை போடுறாங்க. ஒளிச்சா போடுறாங்க? நாளைக்கு ரெண்டு பேருமா டாக்டரைப் பார்ப்போம்."

மாத்திரை பானையை விட்டு மாடத்துக்கு வந்தது. மாமியார் எதிரில் அதை எடுக்க முதலில் கை நடுங்கியது. நாளாக நாளாகக் கூச்சம் போயிற்று.

இது என்ன நோய்?

மூளையின் மின்னோட்டம் சிறிது நேரம் தாறுமாறாவதே வலிப்பு. பேயுமல்ல, சாபமுமல்ல, தொட்டால் ஒட்டாது. தலையில் அடி, பிரசவத்தில் மூளைக்கு நேர்ந்த கேடு, மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டி ஆகியவை சில காரணங்கள். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன விதியும் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-ல் நீக்கப்பட்டது.

குழந்தை பெறலாமா?

பெறலாம். பெரும்பாலோருக்கு நல்ல குழந்தையே பிறக்கிறது. ஆனால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் சிசுவைப் பாதிக்கும். டாக்டர் மாற்றித் தருவார், ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார். பயந்துபோய் நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். உங்களுக்கு எந்த முறை ஏற்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால்

1. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள்.

2. கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுக்காதீர்கள். வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

3. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும் உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

4. வலிப்பு அடங்கும்வரை கிணறு, குளம், அடுப்பு இவற்றருகே தனியே போகவிடாதீர்கள். அதற்காக வீட்டிலேயே முடக்கியும் வைக்காதீர்கள்.

நோய் உங்களிடம் இருக்கிறது, நீங்களே நோயல்ல. 'எனக்கு இது இருக்கு, மருந்து சாப்பிடுறேன்' என்று கூசாமல் சொல்லிப் பழகுங்கள். நோய் கணவருக்கு இருந்தாலும் இதே பேச்சுதான். ஒருவர் மறந்தால் மற்றவர், 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேளுங்கள். வீட்டில் அந்த ஒரு கேள்வி இருந்தால் பாதி பயம் போய்விடும்.