யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

நேயர்களே, காரைக்கால் துறைமுகம் இருக்கும் நம் கீழவாஞ்சூரிலிருந்து வரைபடத்தில் ஒரு நேர்கோடு போடுங்கள். யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை ஏறத்தாழ 115 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையமோ அதே நேர்கோட்டுக் கணக்கில் 125. ஆக, விமானம் ஏறப் போகும் இடத்தைவிட, போய் இறங்கும் கரைதான் நமக்குப் பக்கம்!

திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது. வான்வழித் தூரம் சுமார் 185 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு மெல்ல ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு குறுகிய தூரத்தில், முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான்.

நம்மூர்க்காரர்கள் மேற்கே திருச்சி வரை பஸ்ஸில் போய், சோதனைக்காகக் காத்திருந்து, மறுபடி கிழக்கே பறக்க வேண்டும். பாதி நாள் போய்விடும். அடுத்திருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் என்றால் 60 கடல் மைல், சுமார் நான்கு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய இந்தச் சேவைதான் நமக்கு வசதி என்பேன். ஆனால் மழைக்காலத்தில் கப்பல் நிற்கும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டு வழிக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டாம்: இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.