கப்பல் வரைந்த அமைச்சர்

இத்தாலியக் கடற்படைப் பொறியாளர் பெனதெத்தோ பிரின், 1876 மார்ச்சில் கடற்படை அமைச்சரானார். மே மாதமே அவர் வடிவமைத்த 'துயிலியோ' போர்க்கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதற்கு நான்கு பீரங்கிகள். ஒவ்வொன்றும் சுமார் 100 டன்! ஆனால் பீரங்கி வந்தது இங்கிலாந்திலிருந்து, கவசத் தகடு பிரான்சிலிருந்து. எத்தனை நாள் வெளிநாட்டை நம்பியிருப்பது? உள்நாட்டிலேயே எஃகு வேண்டும் என்று பிரின் முனைந்து நின்றார். 1884-இல் தெர்னி நகரில் எஃகு ஆலை நிறுவனம் உருவானது. கப்பல்களைவிட இதுவே அவருடைய பெரிய சாதனை. இடையில் வெளியுறவுத் துறையையும் கவனித்தார். 1898-இல் காலமானபோதும் அவர்தான் கடற்படை அமைச்சர்.