காபிச் செடி சேர்த்து வைத்த பெண்கள்

காலையில் பில்டரில் டிகாக்ஷன் இறங்கினால்தான் நம்மில் பலருக்குப் பொழுதே விடிகிறது. அந்தக் காபிக் கொட்டையைப் பறித்து, பொறுக்கிக் காய வைத்த கைகளுக்கும் ஒரு கதை உண்டு, சகோதரிகளே! ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் ருவாண்டா நாட்டுப் பெண்களைப் பற்றிப் படித்ததிலிருந்து அதை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

பரப்பளவில் அந்த நாடு நம் கேரளத்தைவிடச் சின்னது. எங்கே பார்த்தாலும் குன்றுகள்தான். 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்றே அதற்குப் பெயர். பெரிய எஸ்டேட் எல்லாம் அங்கே அபூர்வம். வீட்டைச் சுற்றிச் சில நூறு காபிச் செடிகள், அவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் சொத்து. களை எடுப்பதும் பழம் பறிப்பதும் பெண்களின் வேலை. விற்றுக் காசை வாங்குவதோ ஆண்கள்! இது நமக்குத் தெரியாத சமாசாரமா என்ன?

1994-ம் ஆண்டு ஏப்ரலில் அந்த நாட்டில் இடி விழுந்தது. ஹூட்டு, டுட்ஸி என்று இரண்டு இனத்தவர். பேசும் பாஷை ஒன்று, குடியிருக்கும் தெருவும் ஒன்று. ஆட்சியில் இருந்த ஹூட்டு தீவிரவாதிகள் மூட்டிய வெறியில் சுமார் 100 நாட்களுக்குள் டுட்ஸி மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தடுக்க நினைத்த ஹூட்டுகளும் தப்பவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு 8 லட்சம். அந்நாட்டு அரசின் கணக்கு 10 லட்சத்துக்கும் மேல். வெட்டியவர்களில் பலர் அடுத்த வீட்டுக்காரர்கள். அந்த மாதங்கள்தான் காபிப் பழம் சிவந்து நிற்கும் பருவம். பறிக்க ஆள் ஏது?

இரண்டு விதமான அனாதைகள்

கலவரம் ஓய்ந்தபோது கிராமங்களில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பக்கம், கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த விதவைகள். இன்னொரு பக்கம், கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர்களின் மனைவிமார். 2000-ம் ஆண்டு வாக்கில் சிறைகளில் 1 லட்சம் பேருக்கும் மேல் அடைபட்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்குத் துக்கம், இன்னொருத்திக்கு வெட்கம். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிய வழியில்லை. இருவர் வீட்டிலும் கவனிப்பாரின்றிக் காடாக வளர்ந்து கிடந்தது காபிச் செடி ஒன்றுதான்.

தெற்கே மராபா என்ற ஊரில் 1999-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. விதவைகளும் தாய் தந்தை இழந்தவர்களும் அதில் நிறைய. 2001-ல் அங்கே காபி கழுவும் நிலையம் வந்தது. வடக்கே ருஷாஷிப் பக்கத்தில் பெண்களே சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு 'ஹிங்காகாவா' என்று பெயர். 'காபி பயிரிடுவோம்' என்று அர்த்தமாம். கணவனை இழந்தவளும், கணவன் சிறையில் இருப்பவளும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

கை சேர்ந்தால்தான் காபி

எதிர்வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னேன். "அதெப்படிங்க அக்கா? எம் புருஷனை வெட்டினவன் பொண்டாட்டி பக்கத்துல நான் உட்காருவேனா? பேச்சுதான் வருமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி! பதில் காபியிலேயே இருக்கிறது.

காபிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கியாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று கூடையிலேயே விட்டால் புளித்துப் போகும். பிறகு தொட்டியில் ஊறப் போட்டு, வாய்க்கால் தண்ணீரில் கழுவி, உயரமான வலைப் படுக்கைகளில் பரப்பி, இரண்டு வாரம் போலக் காய வைக்க வேண்டும். மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். அந்த வேகத்துக்கு ஒரு வீட்டு ஆட்கள் போதுமா? எல்லோரும் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டினால்தான் நல்ல விலை.

அடுத்தது பொறுக்கும் வேலை. நாம் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறோமே, அதேபோல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்காகச் சொத்தைக் கொட்டைகளை எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் காபிப் பழத்தைக் குத்தும் ஒரு பூச்சி உண்டு. அது தொட்ட கொட்டையில் பச்சை உருளைக்கிழங்கு வாடை அடிக்கும். ஒரே ஒரு கொட்டை போதும், அந்தக் கோப்பையே பாழ்! அதனால் நான் பொறுக்கியதை நீயும் ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. "இந்தக் கூடையை இப்படித் தள்ளு", "அது சொத்தை" என்று ஆரம்பிக்கும் பேச்சு, "உன் பையனுக்குக் காய்ச்சல் விட்டதா?" என்பதில் வந்து நிற்காதா? மன்னிப்பை யாரும் மேடை போட்டுக் கொடுக்க முடியாது. வேலைதான் மெல்ல மெல்லப் பேச்சைத் திறந்தது என்பது என் எண்ணம்.

வீட்டுக்குள் வந்த வெளிச்சம்

சாதாரணக் காபி விற்றவர்கள் உயர்தரக் காபி விற்க ஆரம்பித்தார்கள். 2003-ல் மராபா காபி இங்கிலாந்துக் கடைகளுக்கே போய்விட்டது. 2008-ல் ஆப்பிரிக்காவிலேயே முதல் முறையாகக் 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற சர்வதேசக் காபிப் போட்டி ருவாண்டாவில்தான் நடந்தது.

சட்டமும் துணைக்கு வந்தது. முன்பெல்லாம் அப்பன் நிலம் ஆண் பிள்ளைக்கே. கணவனை இழந்தவளைக் கணவன் வீட்டார் வெளியே தள்ளினால் கேட்பாரில்லை. 1999-ல் வந்த சட்டம் மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்றது. 2009-ல் தொடங்கிய நிலப் பதிவில், முறைப்படி மணந்த மனைவியின் பெயரும் கணவன் பெயரோடு பத்திரத்தில் ஏறியது. செடியும் அவள் உழைப்பு, சங்கத்தில் உறுப்பினரும் அவள், பணமும் அவள் கையில்! அம்மா கைக்குக் காசு வந்தால் எங்கே போகும்? பள்ளிக்கூடச் செலவு, ஒழுகாத கூரை, ஓர் ஆடு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டுச் சந்தா... இதில் உலகத்துத் தாய்மார் எல்லோரும் ஒரே ஜாதி.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட மாட்டேன். காபி விலையை நிர்ணயிப்பது தூரதேசத்துச் சந்தை. 1989-ல் உலகக் காபி ஒப்பந்தம் முறிந்து விலை சரிந்தபோதே அந்தக் குடியானவர்கள் நொடித்துப் போனார்கள். அந்த வறுமையும் பகைக்கு எண்ணெய் வார்த்தது என்கிறார்கள். இன்றும் விலை இறங்கினால் முதலில் அடிபடுவது இவர்கள் வீட்டு அடுப்புதான். எல்லா விதவைகளும் மன்னித்துவிட்டார்கள் என்பதும் இல்லை. அதை அவர்களிடம் எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

மேற்கே கிவு ஏரிக்கரையில் இன்னொரு காபிப் பெண்கள் குழு இருக்கிறது. 'எஜோ ஹேஸா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'நாளை நல்லதாக இருக்கும்' என்று பொருள்.  காபி நாற்று நட்டால் பழம் பார்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அத்தனை இழந்த பிறகும் ஒருத்தி குழி தோண்டி நாற்றை நடுகிறாள் என்றால், இந்த ஊரில், இந்த மனிதர்களோடுதான் இனி வாழப்போகிறேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அந்த மனத்திண்மைக்கு நான் கை கூப்புகிறேன்.