ஆகஸ்ட் 1க்குப் பிறகு வரும் குழந்தை

ஆகஸ்ட் 1ஆம் நாள் நிலவரப்படி பள்ளியில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டுதான் நமக்கு ஆசிரியர் பணியிட நிர்ணயம் நடக்கிறது. செப்டம்பர் 30ஆம் நாள் நிலவரம் யூடைஸ் பதிவுக்கு அடிப்படையாகிறது. ஒரு பள்ளிக்கு என்ன கிடைக்கும், எத்தனை ஆசிரியர் கிடைப்பர் என்பதைப் பெருமளவு இந்த இரு நாள்களே முடிவு செய்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் சில குழந்தைகள் இந்த இரு நாள்களிலும் இங்கே இருப்பதில்லை. அவர்கள் பொங்கலை ஒட்டி வருகிறார்கள். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்விடுகிறார்கள். செங்கல் சூளைகளில் வேலை செய்ய மேற்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் தொடக்கநிலை வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர் என்ற முறையில் நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இக்குழந்தைகளின் கல்வி, ஆசிரியரின் இரக்கத்தால் மட்டும் தீர்ந்துவிடும் சிக்கல் அன்று. அரசு நிறுவனங்கள் குழந்தைகளை எண்ணும் முறை, ஆவணம் கேட்கும் முறை, துறைகள் பொறுப்பைப் பிரித்துக்கொண்டுள்ள முறை ஆகிய மூன்றும் ஒருசேர மாறினால்தான் இதற்குத் தீர்வு உண்டு.

மூன்று வகை இடப்பெயர்வு

'வெளிமாநிலப் பிள்ளைகள்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் எங்கள் பகுதியில் இடம்பெயரும் குழந்தைகள் மூன்று வகையினர். அவர்களின் தேவைகளும் வேறு வேறு.

முதல் வகையினர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்கு ஆலைகளிலும் வார்ப்படத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் போன்ற மாநிலத்தவரின் பிள்ளைகள். வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். குடும்பத்தோடு வந்தவர்களில் பலர் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பார்கள். இவர்களுக்கு வேண்டியது மொழி. தமிழைக் கற்க ஒரு பாலம்.

இரண்டாம் வகையினர், மரம் வெட்டவும் சூளை வேலைக்கும் மாவட்டத்துக்குள்ளும் பக்கத்து மாவட்டங்களுக்கும் போய்வரும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களுக்கு மொழிச் சிக்கல் பெரிதாக இல்லை. எமிஸ் தளத்தில் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றினால் அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ள வழி உண்டு. இங்கே வேண்டியது விரைவும் தொடர் கவனிப்பும்.

மூன்றாம் வகையினர்தான் சூளைக்கு வரும் ஒடிசாக் குழந்தைகள். மொழி வேறு, மாநிலம் வேறு, கல்வியாண்டு வேறு. நம் எமிஸ் பொதுத் தொகுப்பில் இவர்களின் பெயர் இருக்காது. எந்த ஏற்பாட்டிலும் முழுமையாக அடங்காதவர்கள் இவர்களே.

சூளையின் நாள்காட்டி

செங்கல் அறுத்துக் காயவைக்க வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகே ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துச் சூளைகளில் வேலை சூடுபிடிக்கும். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களில் நுவாகாய் என்னும் அறுவடைத் திருநாள் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அதன் பின் 'சர்தார்' எனப்படும் முகவர்கள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்ததே ஓர் அலகு. இதற்கு அங்கே 'பதுரியா' என்று பெயர். கூலி, அறுத்த ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும்.

பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதற்கான விடை இந்தக் கூலிமுறையிலேயே இருக்கிறது. ஆயிரம் கல்லுக்குக் கூலி என்றால், கல்லைத் திருப்பிப் போடும் சின்னக் கையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வாங்கிய முன்பணம் கழியும்வரை குடும்பம் இடத்தை விட்டு நகர முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2011இல் நம் மாவட்டத்தின் ஒரே சூளையிலிருந்து 500க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். படிக்க வைக்கும் ஆசை பெற்றோருக்கு இல்லை என்று சொல்வதற்கு முன் இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இக்குழந்தைகளை மறக்கவில்லை. பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்கிறது பிரிவு 4. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 5. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது பிரிவு 9. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது பிரிவு 15. இயன்றவரை தாய்மொழி வழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது பிரிவு 29.

இவ்வளவு இருந்தும் பிள்ளை சூளையிலேயே இருப்பது எதனால்? சட்டம் சேர்க்கையைத் திறந்துவைத்தது. நிர்வாகத்தின் எண்ணும் முறை பழையபடியே இருக்கிறது. செப்டம்பர் 30 அன்று அந்தக் குழந்தை ஒடிசாவில் தன் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே அங்கே அது 'படிக்கும் குழந்தை'. சனவரியில் இங்கே வரும்போது நம் எண்ணிக்கை முடிந்துபோயிருக்கிறது. ஆகவே இங்கே அது 'கணக்கில் இல்லாத குழந்தை'. இரு மாநிலப் புள்ளிவிவரங்களிலும் பிழை தெரியாது. ஆனால் தொடக்கநிலைக்குச் சட்டம் விதித்துள்ள 200 வேலை நாள்களில் ஏறத்தாழப் பாதியை அந்தக் குழந்தை இழந்துவிடுகிறது.

ஒரு சூளைக்கு அருகிலுள்ள ஈராசிரியர் பள்ளியை எண்ணிப் பாருங்கள். சட்டப்படி 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். ஆகஸ்டில் 40 பேர் இருந்த பள்ளிக்கு பிப்ரவரியில் ஒடியா மட்டுமே அறிந்த 30 பேர் வந்தால், மூன்றாவது ஆசிரியருக்கு அங்கே வழியில்லை; கூடுதல் பாடநூலும் கையில் இல்லை. அந்தத் தலைமை ஆசிரியர் தயங்கினால் அதை மனமின்மை என்று சொல்லிவிட முடியாது.

உணவு கற்றுத்தந்த பாடம்

பெரிய சீர்திருத்தம் நடக்காது என்று நாம் எளிதில் சோர்ந்துவிடுகிறோம். நம் மாவட்டத்தின் வரலாறே அதற்கு மறுமொழி. 1950களின் இறுதியில் பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், இன்று நம் மாவட்டத்தில் உள்ள கடம்பத்தூரில்தான் தொடங்கின. ஊர் மக்கள் கொடுத்த பொருளால் பள்ளிகள் சீரடைந்தன. காமராசர் காலத்து மதிய உணவும் தொடக்கத்தில் மக்கள் நன்கொடையைச் சார்ந்தே நடந்தது. நல்ல மனம் உள்ள ஊரில் நன்றாக நடந்தது. இல்லாத ஊரில் தடுமாறியது.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, பணியாளர், நிதி, சமையற்கூடம், கணக்கு எல்லாமே அரசின் ஏற்பாடாயின. அதன் பிறகு ஒரு குழந்தைக்குச் சோறு கிடைப்பது ஊராரின் தயவைப் பொறுத்ததாக இல்லை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் அப்படித்தான் விரிந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் சென்றது. 2024 ஜூலை 15இல் நம் மாவட்டத்துக் கீழச்சேரியில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இன்னொரு சான்று ரேஷன் அட்டை. ஓர் ஊரின் கடையில் மட்டுமே செல்லும் என்றிருந்த அட்டை, 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' வழியாக எந்த மாநிலத்திலும் செல்லுபடியாகும் என மாறியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் இதில் சேர்ந்தது; 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்தன. ஒடிசாவின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டையைக் காட்டி இங்கே அரிசி வாங்க முடிகிறது. தந்தையின் அரிசி மாநில எல்லையைத் தாண்டி வரும்போது பிள்ளையின் பள்ளிப் பதிவு வராமலிருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

எவை மாற வேண்டும்?

முதலாவது, இரண்டாவது எண்ணிக்கை நாள். சூளைகள் உள்ள ஒன்றியங்களில் ஆகஸ்ட் 1 போலவே பிப்ரவரி 1ஆம் நாளும் எண்ணிக்கை எடுக்க வேண்டும். அதன் அடிப்படையில் பருவகால ஆசிரியரும் பாடநூலும் உணவு ஒதுக்கீடும் வரவேண்டும். மற்ற மாற்றங்களுக்கெல்லாம் இதுவே அடித்தளம்.

இரண்டாவது, குழந்தையோடு செல்லும் கற்றல் அட்டை. யூடைஸ் பிளஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் நிரந்தரக் கல்வி எண் இருக்கிறது. அந்த எண்ணோடு, குழந்தை எதுவரை கற்றிருக்கிறது என்பதைத் தமிழிலும் ஒடியாவிலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். பருவகாலமாக இடம்பெயரும் குழந்தைகளுக்காக மகாராட்டிரத்தில் 'கல்வி உத்தரவாத அட்டை' என்ற முறை கொண்டுவரப்பட்டது. மாற்றுச் சான்றிதழ் என்பது ஒரு பள்ளியை விட்டு நீங்கியதன் அடையாளம். இந்தக் குழந்தை எந்தப் பள்ளியை விட்டும் நீங்கவில்லை. ஓராண்டை இரு பள்ளிகளில் படிக்கிறது. பதிவேடு அதை ஏற்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் நம் மாவட்டச் சூளைப் பகுதிகளில் ஒடியா பாடநூல்களோடும் ஒடியா தெரிந்த தன்னார்வலர்களோடும் மையங்கள் நடந்துள்ளன. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 'ரோஷ்ணி' திட்டம் குழந்தைகளின் தாய்மொழி அறிந்தவர்களை வகுப்பறைக்கே கொண்டுவந்தது. இத்தகைய முயற்சிகள் திட்டக் காலத்தோடு முடிந்துவிடாமல் நிலையான பணியிடங்களாக வேண்டும். சிப்காட் பகுதிக் குழந்தைகளுக்கு வேறு வழி. நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் 13இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்க்கிறது. தமிழ் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு அரும்பு நிலையில் தனிக் கருவிகள் சேர்த்தாலே பெரிய உதவி.

நான்காவது, மே மாதம். சூளை முழுவீச்சில் இயங்கும் மாதத்தில்தான் நம் பள்ளி பூட்டியிருக்கிறது, சத்துணவும் இல்லை. சூளை உள்ள ஊர்களில் மட்டும் கோடையிலும் ஒரு மையம், ஒரு வேளை உணவு என்ற ஏற்பாடு வேண்டும்.

ஐந்தாவது, ஒருவர் பொறுப்பு. தொழிலாளர் துறைக்குச் சூளைத் தொழிலாளர் தெரிவர். வருவாய்த் துறைக்கு மீட்கப்பட்டவர் தெரிவர். நமக்குப் பள்ளிக்கு வந்தவர் மட்டுமே தெரிவர். மூன்றும் சேர்ந்த பட்டியல், பருவம் தொடங்கும் சனவரியிலேயே வட்டாரக் கல்வி அலுவலர் கையில் இருக்க வேண்டும். அதற்கு மாவட்ட அளவில் ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் ஒருசேர? ஒவ்வொன்றாகச் செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஒடியா நூல் வந்து, கற்பிக்க ஆள் இல்லையென்றால் நூல் அலமாரியில் இருக்கும். ஆள் வந்து, எண்ணிக்கையில் குழந்தை இல்லையென்றால் அவருக்கு ஊதியம் தொடராது. எண்ணிக்கை வந்து, ஒடிசாவில் அந்தப் படிப்பை ஏற்கவில்லையென்றால் குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

எழும் கேள்விகள்

'ஏற்கெனவே எமிஸ் பதிவேற்றமே நேரத்தைத் தின்கிறது, இன்னொரு படிவமா?' என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பது நியாயம். எந்தச் சீர்திருத்தமும் ஆசிரியரின் தலையில் புதுப் படிவமாக மட்டும் இறங்கினால் அது தோற்கும். ஆகவே கற்றல் அட்டை இப்போதுள்ள எமிஸ் பதிவிலிருந்தே அச்சாக வேண்டும். பிப்ரவரி எண்ணிக்கையை வட்டார வள மையம் எடுக்க வேண்டும்.

'இங்கே வசதி செய்தால் இடப்பெயர்வு கூடாதா?' என்பது இன்னொரு கேள்வி. பிள்ளைக்குப் பள்ளி உண்டு என்பதற்காக யாரும் சூளைக்கு வருவதில்லை, முன்பணத்துக்காக வருகிறார்கள். பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசா அரசு பருவகால விடுதிகள் நடத்துகிறது. அது வலுப்பெறட்டும். அப்படியும் பெற்றோருடன் வந்துவிடும் குழந்தைக்கு நாம்தான் பள்ளி.

பள்ளிச் சீர்திருத்தம் மட்டுமே போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கூலிமுறையும் முன்பணமும் மாறாதவரை சில பிள்ளைகள் கல் அறுக்கும் களத்தில்தான் இருப்பார்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. அப்படி ஒரு குழந்தையைக் கண்டால் 1098 என்ற உதவி எண்ணுக்குச் சொல்வது நம் கடமை.

அரசாணை வரும்வரை காத்திராமல் இந்த சனவரியிலேயே செய்யக்கூடியவை உண்டு. சான்றிதழ் எதுவும் கேட்காமல் பெயரைச் சேர்க்கலாம். வந்த நாளையும் போகும் நாளையும் தனிப் பதிவேட்டில் குறிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் இயற்றி, பிப்ரவரி மாத உண்மை எண்ணிக்கையை வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் அனுப்பலாம். சூளை உள்ள ஒவ்வொரு ஊரின் பள்ளியும் இதைச் செய்தால், எண்ணிக்கை நாளை மாற்றச் சொல்லும் கோரிக்கைக்குத் தேவையான சான்று இந்தக் கல்வியாண்டின் முடிவிலேயே துறையின் மேசையில் இருக்கும்.